டப்பா பெத்லகேம்

எங்கள் ஊர்க் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் போடுவது ஆண்டுக்கு ஓர் அன்பியத்தின் முறை. அன்பியம் என்றால், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஜெபம் சொல்லி, பைபிள் வாசித்து, கடைசியில் சுண்டலைத் தின்றுவிட்டுக் கலையும் கூட்டம். எங்கள் அன்பியத்தில் முப்பத்தோரு வீடுகள். போன வருடம் முறை எங்களுக்கு வந்தது.

குடிலுக்கு என்னென்ன வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். கடையில் மலைத்தாள் கிடைக்கும். பழுப்பும் பச்சையும் தெளித்த முரட்டுக் காகிதம். அதைக் கசக்கி விரித்தால் மலை. ஒரு வாரம் முன்னதாகக் கேழ்வரகைத் தட்டில் முளைக்கப் போட்டால் புல்வெளி. உடைந்த கண்ணாடியைப் படுக்க வைத்தால் குளம், அதில் இரண்டு பிளாஸ்டிக் வாத்துகள். சுற்றிலும் தெர்மகோல் வீடுகள். பத்து வருடமாக அதே வாத்துகள்தான். ஒன்றுக்கு அலகு கிடையாது.

அன்பியக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, "இந்த வருசம் குடில நான் பண்றேனுங்க" என்றேன்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பாவும் ஒருமுறை போயிருக்கிறார், வெள்ளை அடிக்க. இதை எங்கே போனாலும் எப்படியாவது சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லியாயிற்று. புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி நாமக்கல்லுக்குப் போய், ஒரு முட்டைக் கம்பெனி ஆபீஸில் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வந்த பிறகு எனக்கு ஒரே ஒரு கிறுக்கு. போனில் வீடியோ பார்த்துப் பழைய டப்பாக்களில் காகிதம் ஒட்டுவது. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, துணிக்கடைப் பை, முட்டை அட்டை, லாரி ஸ்டிக்கர் கடையில் மிஞ்சும் பளபளா துண்டுகள் எல்லாவற்றையும் கிழித்து, அடுக்கி, ஒட்டி, சாயம் தேய்த்து, தகர டப்பாவைப் பூச்சாடியாகவோ பேனாக் கூடாகவோ ஆக்கிவிடுவேன். ஆபீஸில் எல்லோர் மேசையிலும் என் கைவேலை இருக்கிறது. மேனேஜர் மேசையில் இரண்டு.

அதனால் எழுந்து நின்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. "மலைத்தாள் வேண்டாம், தெர்மகோல் வேண்டாம். ஒவ்வொரு ஊட்டுல இருந்தும் ஒரு பழைய டப்பா குடுங்க. காலியாப் போன டப்பா, சமையக்கட்டுல கெடக்கறது. அந்த டப்பாவையே உங்க ஊடா மாத்தறேன். முப்பத்தோரு டப்பா, முப்பத்தோரு ஊடு. பெத்லகேமே நம்ம தெருவா இருக்கும்."

எங்கள் அன்பியத் தலைவி ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். தையலக்கா என்றால்தான் யாருக்கும் தெரியும். அவர் கையைத் தட்டினார். "புள்ள படிச்சது வீண் போகல பாருங்க" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரமே டப்பா வசூலுக்குக் கிளம்பினேன். முதல் தப்பு அங்கேயே காத்திருந்தது.

தையலக்கா வீட்டுக்கு எதிர் வீடு, இரண்டு லாரி ஓடும் வீடு. அந்த வீட்டு அத்தை என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். வட்ட வடிவம், ரோஜாப்பூப் படம், பளிச்சென்று புதுசு. மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. குலுக்கினால் உள்ளே பிஸ்கட் சத்தம்.

"அத்த, பழைய டப்பா கேட்டேனுங்க."

"பழசா? கொழந்த ஏசுவுக்குக் குப்பையக் குடுக்கறதா? நல்லாருக்குது போ. நேத்து ராசிபுரம் போயி வாங்கியாந்தேன்."

"அப்ப பிஸ்கட்ட எடுத்துக்கிட்டு டப்பாவக் குடுங்க."

"குடுக்கறதுன்னு எடுத்தாச்சு, இனிமே அதுல கைய உட்டு எடுப்பாங்களா? நீயே தின்னு கண்ணு. எலும்பா இருக்கற."

அடுத்த வீட்டில் ஒரு கிலோ நெய் டின், நெய்யோடு. அதற்கடுத்த வீட்டில் எவர்சில்வர் தூக்குப்போசி, அடியில் பேர் வெட்டியது. "தகரம் துருப்புடிச்சுப் போயிருங்க, இது பேத்தி காலத்துக்கும் நிக்கும்" என்றார்கள். குப்பையைக் குறைக்கப் போன நான் அந்த ஒரு வாரத்தில் ராசிபுரம் பேக்கரிகளுக்குச் செய்த வியாபாரம் கொஞ்சமல்ல. ஆபீஸில் எல்லோருக்கும் நான்கு நாள் பிஸ்கட் கொடுத்தேன். நெய்யை அதே வீட்டில் வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுக்க மூன்று முறை நடந்தேன். கடைசியில் தையலக்கா ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று சத்தம் போட்டார்: "புது டப்பா வாங்காதீங்க! அழுக்கு டப்பாதான் வேணும்! அழுக்கு!" எங்கள் பாதிரியார், பங்குச்சாமி, ஜன்னலைத் திறந்து என்ன விஷயம் என்று பார்த்தார்.

அதன் பிறகு சரியான டப்பாக்கள் வந்தன. பால்பவுடர், பெருங்காயம், ஹார்லிக்ஸ் மாதிரி மாவு, பெயின்ட், வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்த சாக்லேட் டப்பா. முப்பது சேர்ந்தது. பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ஒரே ஒரு பெயருக்கு நேரே டிக் இல்லை. அது எங்கள் வீடு.

எங்கள் சமையலறைக்குள் போய்த் தேடினேன். இருபத்து மூன்று வயதில் அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் தகர டப்பா ஒன்றுகூட இல்லை. மிளகாய்த்தூள் பிளாஸ்டிக்கில், சர்க்கரை எவர்சில்வரில், உப்பு ஜாடியில். மூடி, கரண்டி, புனல் எதுவும் தகரமில்லை. என் கைவேலை டப்பாக்கள்கூட மொட்டை மாடியில்தான். "துரு குத்திச்சுன்னா ஊசி போடோணும், மேல கொண்டு போ" என்று அம்மா சிறு வயதிலிருந்தே விரட்டுவார். ஊசிப் பயம் என்றே நினைத்திருந்தேன்.

"ஏம்மா, நம்மூட்டு டப்பா எங்க?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"உனக்குக் கண்ணு தெரியுதுல்ல? தேடிப் பாரு."

அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் பிரைமர் அடிக்கிறவர். என் டப்பாக்களுக்கு அடிப்பூச்சு, உப்புத்தாள், தகரக் கத்தரி எல்லாம் அவர் உபயம். நான் முகத்தைத் தூக்கிவைத்திருப்பதைப் பார்த்து மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு காலி பிரைமர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அதை வாசலிலேயே நிறுத்தினார்.

"இது யாரூட்டு டப்பா?"

"நம்முளுதுதான்" என்றார் அப்பா.

"பட்டறை டப்பா எப்படி நம்மூட்டு டப்பா ஆகும்? சமையக்கட்டு டப்பான்னுதான உங்க புள்ள ஊரெல்லாஞ் சொல்லியிருக்கறா. சாமி குடில்ல பொய் வெப்பீங்களா?"

அப்பா டப்பாவைத் திரும்பப் பைக்குள் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வீட்டுக்காரர்களும் கொடுத்துவிட்டார்கள், குடில் செய்கிறவள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் என்ன அர்த்தம், நான் படித்துவிட்டு ஒரு நல்ல காரியம் செய்தால் உனக்குப் பொறுக்கவில்லையா என்று ஏதேதோ கத்தினேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உருவிக்கொண்டே சொன்னார்.

"தகரத்துல பொறந்தேன். தகரத்துலயே வயசுக்கு வந்தேன். தகரத்துல இருந்துதான் உங்கப்பனுக்குக் கட்டிக் குடுத்தாங்க. இருவத்தஞ்சு வருசங் கழிச்சு இப்பத்தான் தளம் போட்ட ஊட்டுல படுத்துருக்கறேன். நீ காலேஜ் வரைக்கும் படிச்சுட்டு வந்து, என்னயத் திரும்பத் தகரத்துக்குள்ள வெச்சு, ஊரக் கூட்டிக் காட்டோணுமா?"

அம்மா ரோடு போடும் கூலிக்காரர்களின் மகள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைக்குத்தான் மீதியைச் சொன்னார். ரோட்டோரத்தில் தார் டின்களை வெட்டி, அடித்துத் தட்டையாக்கி, அதைக் கொண்டே சுவரும் கூரையும் போட்டுக் குடியிருந்திருக்கிறார்கள். ரோடு முன்னே போகப் போகக் கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். போகிற ஊரிலெல்லாம் அவர்களுக்கு ஒரே பெயர்தான், தகரக் கொட்டாய்க்காரர்கள். தண்ணீர் கேட்டுப் போனால்கூட, "தகரக் கொட்டாய்ப் புள்ள வந்துருக்குது" என்பார்களாம். எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. அம்மா சொன்னதில்லை. தெரிய வேண்டாம் என்பதுதான் அவர் விருப்பம்.

கீரை உருவி முடிந்தது. "உன்னோட குடிலு நல்லா வரோணும். நானும் ஜெபம் பண்றேன். ஆனா டப்பா குடுக்க மாட்டேன்" என்று எழுந்து போனார்.

முப்பது டப்பாவோடு மாடி ஏறினேன்.

மூன்று வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் மாடிதான். டப்பாவை ஊறவைத்து லேபிளை உரித்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். ஜன்னல் வேண்டுமென்றால் டப்பாவுக்குள் ஈர மணலை இறுக்கி அடைத்து, ஆணி வைத்துத் தட்ட வேண்டும். மணல் இல்லாமல் தட்டினால் டப்பா நசுங்கிவிடும். இந்த யோசனை வீடியோவில் கிடைக்கவில்லை, அப்பா சொன்னது. முட்டை அட்டையை ஊறவைத்துக் கூழாக்கி, பசை கலந்து அப்பினால் மண் சுவர் போலவே முரடாகக் காயும். அதன் மேல் படங்கள். கத்தரித்தால் ஓரம் கூர்மையாகத் தெரியும். கையால் கிழித்தால்தான் ஒன்றோடொன்று கலக்கும். பிரஷ்ஷை நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் கொப்புளம்.

எந்த வீட்டுக்கு எந்தப் படம் என்று யோசிப்பதுதான் மிகப் பெரிய சந்தோஷம். தையலக்கா டப்பாவைச் சுற்றி அளவு டேப், பிளவுஸ் வெட்டும் காகிதம், பத்திரிகையில் வந்த விதவிதமான கைகள். வெண்ணந்தூரிலிருந்து குடிவந்த தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றி வரும் அட்டைக் கூம்பே கூரை. லாரிக்கார அத்தை வீட்டுக்கு ஸ்டிக்கர் கடைத் துண்டுகளால் மயில், தாமரை, கழுகு. சாமி படங்களை மட்டும் கிழிக்கவில்லை. எங்கள் சாமியானாலும் மற்றவர்கள் சாமியானாலும், கிழிக்கக் கை வரவில்லை.

மாட்டுக்கொட்டகையை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். மாதாவும் சூசையப்பரும் நிற்கப்போகிற கொட்டகை. டப்பாவில் செய்யாமல், முட்டைப் பெட்டி அட்டையில் செய்தேன். அதன் கூரைக்காக, கிடைத்த எல்லாக் காலண்டர்களிலிருந்தும் வானத்தை மட்டும் கிழித்தேன். மலைக்கு மேல் வானம், கடலுக்கு மேல் வானம், துணிக்கடைப் பெண்ணின் தலைக்கு மேல் வானம், கோழித்தீவன மூட்டைக்கு மேல் வானம். நூற்றுக்கணக்கான நீலத் துண்டுகள். வெளிர் நீலத்தில் தொடங்கி உச்சியில் கறுப்பு நீலம் வரை அடுக்கினேன். டப்பாக்களுக்கெல்லாம் வார்னிஷ் அடித்தேன். கொட்டகைக்கு அடிக்கவில்லை. வார்னிஷ் பளபளக்கும், வானம் பளபளக்கக் கூடாது என்று வீடியோவில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். அவள் ஊரில் மார்கழியில் மழை வருமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு கோவில் முன்னால் சாமியானாப் பந்தல் கட்டி, மேசைகளைப் படிப்படியாகப் போட்டு, மண் கொட்டிக் குன்று அமைத்தோம். கோவில் பரணிலிருந்த பொம்மைகள், ஒட்டகத்தில் வரும் மூன்று ராஜாக்கள், பழைய கண்ணாடிக் குளம், வாத்துகள் எல்லாம் வந்தன. முப்பத்தோரு பல்பு வைத்த சீரியல் விளக்கு. ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் ஓட்டை போட்டு ஒவ்வொரு பல்பை உள்ளே விட்டேன். ஒரு பல்பு மிஞ்சித் தொங்கியது. அந்த இடத்தில் முளைத்த கேழ்வரகுத் தட்டை வைத்து மறைத்தேன்.

டப்பாக்களை நிறம் பார்த்து அடுக்கியிருந்தேன். கீழே சிவப்பு, மேலே போகப் போக மஞ்சள், பச்சை. எனக்கு அது அழகு. பார்க்க வந்தவர்களுக்கு அது வேறு கணக்கு.

"எங்கூடு எதுங்க? ஆட்டுக்குப் பின்னாடி இருக்குதே, அதா?" என்றார் லாரிக்கார அத்தை. "பிஸ்கட்டோட டப்பா குடுத்தவ நான். எனக்கு ஆட்டுக்குப் பின்னாடி. பெருங்கா டப்பா குடுத்தவங்களுக்கு மாதாவுக்குப் பக்கத்துலயா?"

"அத்த, நெறம் பாத்து வெச்சதுங்க."

"யாரு நெறத்தப் பாத்து?"

தறிக்காரர் குளத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், ஓதம் ஏறும் என்றார். அவர் பேசியது டப்பாவைப் பற்றி. இன்னொருவர் தன் வீடு இரண்டு மாடி, இங்கே ஒரு மாடிதான் இருக்கிறது, சொந்தக்காரர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்றார். ஓடிப்போய் எங்கள் மாடியில் கிடந்த ஒரு பெருங்காய டப்பாவை எடுத்துவந்து அவர் வீட்டின் மேல் ஏற்றினேன். லாரிக்கார அத்தை மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. தையலக்கா புகுந்தார். "அக்கா, மூணு ராசாவும் ஒட்டகத்துல எந்தப் பக்கமிருந்து வாராங்க? உங்கூட்டுப் பக்கமிருந்துதான? மொதல்ல உங்கூட்ல தண்ணி குடிச்சுட்டுத்தான் ஏசுவப் பாக்கவே போவாங்க." அத்தை சற்று நேரம் ஒட்டகங்களைப் பார்த்தார். "அப்படியா சேதி" என்று விட்டுவிட்டார்.

போகும்போது அவரே திரும்பி, "ஏன் கண்ணு, உங்கூடு எங்க? காணோமே" என்று கேட்டார்.

"அது இன்னும் காயலைங்க" என்றேன். பொய்யை வைக்கக் கூடாது என்று அம்மா சொன்ன அதே குடிலுக்கு முன்னால்.

மறுநாள் மதியம் மூன்று மணி இருக்கும். லீவு போட்டுவிட்டு நானும் தையலக்காவும் ஆடுகளுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தோம். கோவிலின் பின்னால் சமையல் கொட்டகையில் கிறிஸ்துமஸ் நோம்பிக்கு முறுக்குச் சுடும் வேலை. அம்மாவும் லாரிக்கார அத்தையும் அங்கே இருந்தார்கள். கொல்லிமலைப் பக்கம் கறுத்தது. தூறல்தான் என்று அலட்சியமாக இருந்தேன். தூறல் மழையாகி, சாமியானா தொந்தி மாதிரி கீழே இறங்கி, இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்திருந்த இடத்தில் தண்ணீர் கொட்டியது. நேராக என் வானத்தின் மேல்.

டப்பாக்கள் கல்லு மாதிரி நின்றன. கொட்டகை ஐந்து நிமிடத்தில் கஞ்சியாயிற்று. நீலத் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து, மாதா தலையில், மாட்டு முதுகில், குளத்தில். அலகில்லாத வாத்தின் மேல் ஒரு வானம் ஒட்டிக்கொண்டது. மூன்று வார வேலை. நான் அழ ஆரம்பித்தேன். பி.காம். படித்தவள் கோவில் வாசலில் நின்று மூக்கைச் சிந்தி அழுதேன்.

சத்தம் கேட்டு அம்மா மாவுக் கையோடு வந்தார். கொட்டகையைப் பார்த்தார். மேலே தைத்த இடத்தைப் பார்த்தார். திரும்பிப் போனார். எண்ணெய் காய்கிறது, போய்விட்டார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் இரண்டு காலி எண்ணெய் டின்கள். முறுக்குச் சுட்டுக் காலியான பெரிய சதுர டின்கள்.

"உங்கப்பன் கத்தரி எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். மழைக்கு ஒதுங்கிக் கோவில் வாசல் படியில் உட்கார்ந்தார். டின்னின் மேல் தட்டையும் அடித்தட்டையும் நறுக்கி எறிந்தார். பக்கவாட்டுத் தையலோடு ஒரே வெட்டு. டின் புத்தகம் மாதிரி விரிந்தது. அதைத் திருப்பிப் போட்டு ஒரு கல்லால் தட்டினார். தட்டுவதில் ஒரு வரிசை இருந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு. நான் காகிதத்துக்குச் செய்வதற்கு நேர் எதிர். இரண்டு தகடுகளின் ஓரத்தையும் கொக்கி மாதிரி மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி, அதன் மேல் தட்டிப் படுக்கவைத்தார். "இந்த மடிப்புல பொட்டுத் தண்ணி எறங்காது" என்றார், யாரிடம் என்றில்லாமல். மொத்தமும் பத்து நிமிடம் ஆகியிருக்காது. கையில் ஒரு கீறல்கூட இல்லை.

லாரிக்கார அத்தையும் முறுக்கை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். தையலக்கா குனிந்து மடிப்பைத் தடவிப் பார்த்தார். தையல்காரருக்கு எந்தத் தையலைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.

"ஏனுங்க அக்கா, இது எங்க கத்துக்கிட்டீங்க?"

அம்மாவின் கையில் இருந்த கல் நின்றது. பட்டறையில் அப்பா சொல்லிக் கொடுத்தார் என்று நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். குடிலையும் ஒருமுறை பார்த்தார். பொய் வைக்கிற ஆள் இல்லை அவர்.

"தார் ரோடு போடற எடத்துலங்க. எங்கப்பனும் ஆத்தாளும் ரோட்டு வேலைக்காரங்க. தார் டின்ன வெட்டி அடிச்சுத்தான் கொட்டாய் போடுவோம். ரோடு போகப் போகக் கொட்டாயும் போகும். எனக்கு எட்டு வயசுலயே இந்த மடிப்பு வரும்."

சொல்லிவிட்டு அம்மா மறுபடி மடிப்பைத் தட்ட ஆரம்பித்தார்.

"எந்த ரோடுங்க?" என்றார் லாரிக்கார அத்தை.

"பல ரோடுங்க. கடைசியா சேந்தமங்கலம் ரோடு. மலையடிவாரம் வரைக்கும்."

"அட! எங்க வண்டி ரெண்டும் அந்த ரோட்லதான ஓடுது!" என்றார் அத்தை. "எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு, அந்தப் பக்கம் மட்டுந்தான் குலுங்காமப் போலாம்னு. நீங்க போட்டதா அது?"

"நான் கல்லு சொமந்தேன். போட்டது எங்கப்பன்" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம், "முறுக்குத் தீயுது, போங்க" என்று அத்தையை விரட்டினார்.

தகடுகளைக் கூரையாகச் சாய்த்து நிறுத்தினோம். எண்ணெய்க் கம்பெனியின் சூரியகாந்திப் படம் உள்பக்கம் இருக்கும்படி அம்மா திருப்பியிருந்தார். வெளியே வெறும் தகரம், சாம்பல் நிறத்தில் மின்னியது. தொங்கிக்கொண்டிருந்த முப்பத்தோராவது பல்பைப் பார்த்து, "இது ஏன் அனாமத்தா ஆடுது? உள்ள உடு" என்றார். உள்ளே விட்டேன். சூரியகாந்திப் பூக்கள் மேல் வெளிச்சம் பட்டு, கொட்டகை முழுக்க மஞ்சளாயிற்று.

எனக்குக் கை துறுதுறுத்தது. "ஏம்மா, மேல கொஞ்சமா ஒட்டட்டா? மிச்சமிருக்கற வானத்த?"

"ஒண்ணும் ஒட்டாத. இன்னொரு மழை வந்தா காகிதம் நிக்குமா?"

"வார்னிஷ் அடிச்சர்றேன்."

"மாட்டுக் கொட்டாய்க்குத் தகரம் போதும். ஏசுவே ஒரு நாள் தங்கறவருதான்."

ஆனால் அடுத்த பேச்சில் கறாராக இருந்தார். "இத உன்னோட பட்டியல்ல எழுதாத. இது கோவில் டின்னு. நம்மூட்டு டப்பா இல்ல." பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே இன்றைக்கும் டிக் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும் குடிலைச் சுற்றிக் கூட்டம். அவரவர் வீட்டைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தறிக்காரர் தன் டப்பா நனையவில்லை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். லாரிக்கார அத்தை ஒட்டகங்களை நகர்த்தித் தன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டிருந்தார். புதுச்சேலையில் அம்மா கொஞ்சம் தள்ளி நின்றார். பங்குச்சாமி ஒவ்வொரு வீடாக விசாரித்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்றார்.

"தோத்திரம் சாமி."

"பொண்ணு அருமையாப் பண்ணியிருக்குதும்மா. இதுல உங்க வீடு எது?"

நான் குனிந்து ஓர் ஆட்டின் பஞ்சைச் சரிசெய்தேன்.

"எங்கூடு இதுல இல்லீங்க சாமி" என்றார் அம்மா. குரலைத் தாழ்த்தவே இல்லை. "எங்கூடு மெயின் ரோட்டு மேல இருக்குதுங்க. பச்சைக் கலரு, தளம் போட்டது. மாடிப்படி உள்பக்கமா இருக்குது. டீ குடிக்க வாங்க, காட்டறேன்."

சாமி சிரித்துக்கொண்டே, "வந்துடறேன், இப்பவே" என்றார். அவர் கிளம்பியதும் தையலக்கா கிளம்பினார். லாரிக்கார அத்தை, "நான் மட்டும் எதுக்கு நிக்கறேன்?" என்று சேர்ந்துகொண்டார். வீடு வந்து சேர்ந்தபோது எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். வீட்டில் இருந்தது அரை லிட்டர் பால். அப்பா பின்கதவு வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் பறந்தார்.

நான் டம்ளர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலே காலடிச் சத்தம் கேட்டது. அம்மா பதினேழு பேரையும் மாடிக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே என் பசை டப்பாக்களும் கிழிந்த காலண்டர்களும் பாதி ஒட்டிய பூச்சாடிகளும் பரப்பியது பரப்பியபடி கிடந்தன. முதல் நாளே எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார், நான் வைக்கவில்லை.

"பாத்து வாங்க, கீழயெல்லாம் புள்ளையோட வேலை கெடக்குது, மிதிச்சுராதீங்க" என்று அம்மாவின் குரல் கேட்டது. பிறகு தளத்தின் மேல் யாரோ குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். டம், டம். சமையலறைக் கூரை ஆடாமல் அசையாமல் இருந்தது.

"பாருங்க, நல்ல கனம்" என்றார் அம்மா.